எழுவரும் கரை சேர்ந்தனர்

ஹில்டகார்ட் அல்பர்ட்டீன் கிரெஸ்ஸின் (1919–1994).

அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில், வாட்டர்டவுனுக்கு வடக்கே இருந்த ஒரு சீஸ் ஆலையின் வாசலில் ஹில்டகார்ட் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாலை முகர்ந்து பார்த்தார். பண்ணைகளிலிருந்து வந்திறங்கும் ஒவ்வொரு கேனின் மூடியையும் திறந்து, குனிந்து, ஒரு மூச்சு இழுப்பார். சரியில்லையென்றால் கைப்பிடியில் சிவப்பு அட்டையைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த அண்ணனின் பாலை ஒரே வாரத்தில் மூன்று முறை திருப்பியவர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அந்த மூக்குக்கு எந்த ஆம்பளை தேறுவான் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில், மாமன் மகன் வில்மர் போல்ட் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். வில்மர் மாட்டுத் தீவன வியாபாரி; குடும்ப ஒன்றுகூடலின் தலைவர். தாத்தா ஆகஸ்ட் போல்ட் ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து வந்து 1983இல் நூறாண்டு நிறைவதால், ஒரு நினைவுக்கல்லும் ஒரு குடும்ப நூலும் வேண்டும் என்றார். சபைப் பள்ளியில் படித்ததால், பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உறவில் ஹில்டகார்ட் ஒருவரே. கல்லுக்கான வாசகத்தை வில்மர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்: "எழுவர் புறப்பட்டனர். எழுவரும் கரை சேர்ந்தனர்."

பால்டிமோர் துறைமுகத்தின் வருகைப் பட்டியலில் ஏழு பேர் சரியாக இருந்தார்கள்: ஆகஸ்ட், மனைவி கரோலின், ஐந்து பிள்ளைகள். பொமரேனியச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் ஆறாவது பிள்ளையாக ஒரு பெயர் கிடந்தது: அல்பர்ட்டீன், 1879. ஹில்டகார்டின் தாயாரும் அல்பர்ட்டீன்தான். அவர் பிறந்தது விஸ்கான்சினில், 1885இல். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுவது அந்த மக்களின் வழக்கம். முதல் அல்பர்ட்டீனுக்கு நேரே "1883க்கு முன் இறப்பு" என்று பென்சிலால் குறித்துவிட்டு அவர் மேலே சென்றார். ஆயினும் ஒழுங்குக்காக அடக்கப் பதிவேட்டையும் பார்த்தார். அதில் அந்தக் குழந்தை இல்லை.

விடை வில்மர் வீட்டுப் பரணில் கிடந்த மரப்பெட்டிக்குள் இருந்தது. பிரஷ்ய அரசு கொடுத்த குடிபெயர்வு அனுமதித்தாளில் எட்டுப் பெயர்கள். கடைசியில் அல்பர்ட்டீன், வயது நான்கு. அதன் அடியில், அவர்கள் கப்பல் ஏறிய பிரேமன் நகரத்து ஏழைகள் விடுதியின் போதகர் 1897இல் எழுதிய கடிதம். கப்பல் கம்பெனியின் மருத்துவர் குழந்தையின் ஊனக் காலைப் பார்த்து, அமெரிக்காவில் இறக்கவிட மாட்டார்கள் என்றாராம். சிற்றப்பன் வந்து அழைத்துப்போவான் என்று சொல்லி, பெற்றோர் அவளைச் சத்திரத்தில் விட்டுச் சென்றார்களாம். எவரும் வரவில்லை. இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று மட்டும் கேட்கிறாள்.

தாத்தா அனுப்பிய பதிலின் நகலும் அதோடு குத்தப்பட்டிருந்தது. "எங்கள் அல்பர்ட்டீன் எங்களோடு நலமாக இருக்கிறாள். அந்தப் பெயரில் வேறொரு மகள் எங்களுக்கு இல்லை."

தாத்தாவுக்குக் கையொப்பத்துக்கு மேல் எழுத வராது. வட்டம் வட்டமான அந்த எழுத்தை ஹில்டகார்ட் ஜாம் பாட்டில் ஒட்டுத்தாள்களில் நாற்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறார். தந்தை சொல்லச் சொல்ல, பன்னிரண்டு வயதில் எழுதியது ஹில்டகார்டின் தாயார். சாகும்வரை அதைப் பற்றி அம்மா வாய் திறந்ததில்லை. ஹில்டகார்ட் தாளை மடித்து வைத்தார். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் இரண்டு முறை கை கழுவினார். தாளின் பூஞ்சை வாடை போகவில்லை.

வில்மர் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியில் ஏதோ வேண்டாத சங்கதி இருப்பதாகத் தம் அப்பா சொன்னதுண்டு என்றார்.

"கல்லு வெட்டியாச்சு ஹில்டி. செத்துப்போன நொண்டிப் பொண்ணுக்காக இத்தனை பேரோட சந்தோஷத்தைக் கெடுக்கணுமா?"

"சாகலையே, வில்மர். உயிரோட இருக்கறப்பவே பேரைப் பிடுங்கி எங்கம்மாவுக்குக் கொடுத்தாங்க. எனக்கும் பாதி வந்திருக்கு."

"அப்போ நல்லா யோசிச்சுக்கோ. கடிதாசி உங்கம்மா கையெழுத்து. நாறினா மொதல்ல அவங்கதான் நாறுவாங்க." விரலில் வழிந்த கடுகுச்சாற்றை நக்கிக்கொண்டார்.

ஹில்டகார்ட் ஒரு வாரம் யோசித்தார். பிறகு தாயாரின் பங்கையும் சேர்த்தே கைவிடப்பட்ட அல்பர்ட்டீனைப் பற்றி நூலுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நூல் அச்சாகி வந்தபோது அந்தப் பக்கம் இல்லை.

1983 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. உறவினர் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி புகைந்தது, உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் புளித்துக்கொண்டிருந்தது. கொழுப்பு ஒட்டிய கைகளால் கல்லைத் தடவித் தடவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் வில்மர், ஒரு பிள்ளையைக்கூடத் தாத்தா கைவிடவில்லை என்று தழுதழுத்தார். ஹில்டகார்ட் தட்டைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தார்.

மறுவாரமே தொடங்கினார். நூல் நூற்று நாற்பது பிரதிகள் அச்சாகியிருந்தது. யார் யாரிடம் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. வீடு வீடாகப் போய், தாத்தாவின் பிள்ளைகள் பெயர் இருந்த பதினொன்றாம் பக்கத்தில் கறுப்பு மையால் இரண்டு வரிகள் எழுதலானார்: "அல்பர்ட்டீன் போல்ட், பிறப்பு 1879. நான்கு வயதில் பிரேமனில் பெற்றோரால் கைவிடப்பட்டாள். 1897இல் அவளை மறுத்துக் கடிதம் எழுதிய கை என் தாயாருடையது." சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். சிலர் படித்துவிட்டு, சுவாரசியமாக இருக்கிறதே என்று சொல்லி கேக் வெட்டி வைத்தார்கள். நாயை அவிழ்த்தவர்களே மேல் என்று அவருக்குத் தோன்றியது. பத்தரை ஆண்டுகளில் தொண்ணூற்றாறு பிரதிகள் திருந்தின. பிரேமனுக்கு எழுதிய ஆறு கடிதங்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: விடுதிப் பதிவேடுகள் போரில் எரிந்துவிட்டன.

வில்மர் இறந்த மறுமாதம் அவர் மனைவி வெர்னெட்டா ஆளனுப்பி அழைத்தார். புத்தகம் சாப்பாட்டு மேசையில், தொத்திறைச்சித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"எழுதிக்கோ ஹில்டி. அவருதான் இல்லையே. ஆனா கொஞ்சம் சின்ன எழுத்தா எழுது, புள்ளைங்க கண்ணுல படாம."

ஹில்டகார்ட் தட்டை ஒதுக்கி, மேசையைத் தம் கைக்குட்டையால் துடைத்தார். மற்றத் தொண்ணூற்றாறிலும் எழுதிய அதே அளவில் இரண்டு வரிகளையும் எழுதி, மை உலரும்வரை நின்றார். அது 1994 மார்ச் 9, புதன்கிழமை.