நூலக மேட்டில் விழுந்தவர்கள்

எலும்பு முறிந்து வருகிறவர்களிடம் பதினாறு குளிர்காலமாக இங்கெலா கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: எங்கே விழுந்தீர்கள், எதனால்? வட சுவீடனின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் அவள் மேசை. பத்தொன்பது வயதில் அங்கே தரை துடைக்க வந்தவள். டாக்டரிடம் மறைப்பதையெல்லாம் நோயாளிகள் இவளிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டு, படிவத்தையும் பேனாவையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

படிவங்கள் பல்கலைக்கழகத்துச் சாலை ஆராய்ச்சிக்குப் போகும். கார் மோதினால் போலீஸ் எழுதிக்கொள்ளும். நடந்து போகிறவர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தால் எழுதிக்கொள்ள இங்கெலாவை விட்டால் நாதியில்லை. அதிலும் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி. இடுப்பெலும்பே போனாலும் யார் மேலும் குறை சொல்ல மாட்டார்கள். "என் கவனக்குறைவு" என்று எழுதச் சொல்லிவிட்டு, சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்பார்கள். இங்கெலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என் தப்புதாம்மா. பராக்குப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்," என்றார் ஒரு முன்னாள் தபால்காரர்.

"நாப்பது வருஷம் பனியில நடந்தே தபால் குடுத்தவரு, இன்னிக்கித்தான் பராக்குப் பாத்தீங்களா? காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"கொஞ்சூண்டு ஐஸ்…"

"கொஞ்சூண்டு ஐஸுக்குத்தான் எலும்பு ரெண்டா போச்சா?"

இப்படி வாயைக் கிண்டிக் கிண்டித்தான் உண்மையை வாங்குவாள். அந்தக் குளிர்காலத்தில் நூலக மேட்டு நடைபாதையில் மட்டும் பத்தொன்பது பேர் விழுந்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் படிவங்களை வாங்க வரும் ஆராய்ச்சிக்காரி மாலினுக்கு ஒன்றுதான் கிடைக்காமலிருந்தது: மேட்டில் பனியை எத்தனை மணிக்குத் தள்ளுகிறார்கள்? நகரசபையைக் கேட்டால் "முறைப்படி நடக்கிறது" என்று பதில் வந்தது. நேரம் தெரிந்தால், நடைபாதைகளில் முதலில் பனி தள்ளிப் பார்க்கும் சோதனைக்கு அனுமதி கேட்கலாம்.

இங்கெலாவுக்கு நேரம் தெரியும். பனி தள்ளும் வண்டியை ஓட்டுவதே அவள் புருஷன் ஹோல்கர்தான். முதலில் பெரிய சாலை, பிறகு பஸ் போகும் தெரு, பிறகு வீட்டுத் தெருக்கள், கடைசியில்தான் நடைபாதை. அது மேலிடத்து உத்தரவு. அதற்குள் அதிகாலை வேலைக்குப் போகும் பெண்கள் மிதித்து மிதித்துப் பனி கண்ணாடியாகியிருக்கும். ஆனால் ஹோல்கர், தன் வேலையை இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்று நிமிர்ந்து நடப்பவன். அதை உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாகியும், அந்தப் பக்கத்து வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு முதல் கோப்பையை அவளிடம் நீட்டுகிறவன். அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், காலை ஏழு மணிக்கு, அதே மேட்டில் இங்கெலா விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு தன் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். மாலின் படிவத்தை எடுத்தாள்.

"எதனால விழுந்தே?"

"பராக்குப் பாத்தேன். என் தப்பு."

மாலின் பேனாவைக் கீழே வைத்தாள். "நீயா இப்படிச் சொல்றே, இங்கெலா?"

"எழுதுடி, வலிக்குது."

மாலின் மனசில்லாமல் எழுதி முடிப்பதற்குள், ஆரஞ்சு உடுப்போடு, பூட்ஸில் பனி ஒட்டியிருக்க, ஹோல்கர் சேதி கேட்டு வந்துவிட்டான். மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு படிவத்தைப் பார்த்தான்.

"பராக்கா? எந்த இடத்துல?"

"எங்கயோ. விடு கிழவா."

"நூலக மேடுன்னு எழுதியிருக்கு." அவன் குரல் தாழ்ந்தது. "ஏழு மணிக்கு அங்க ஐஸாத்தான் இருந்திருக்கும். நான் அங்க போகவே பத்தேமுக்கால் ஆகும்."

"உன்னை யாரும் கேக்கலை."

"அதான், யாரும் கேக்கலை. எல்லாரும் உங்கிட்ட வந்து தன் தப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் நல்லா வேலை செய்யறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." படிவத்தை அவள் பக்கம் தள்ளினான். "அங்க எத்தனை பேரு விழுந்தாங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "பத்தொம்போது. என்னைச் சேக்காம."

"எல்லாரும் இப்ப நடக்கறாங்களா?"

"பதினேழு பேரு நடக்கறாங்க."

ஹோல்கர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். மீதி இருவரைப் பற்றி அவன் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. இடது கையால் அவன் பிடரியைத் தடவிக்கொடுத்தாள். அவன் பேனாவை வாங்கி, மாலின் எழுதியதை அடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெரிய எழுத்தில் எழுதினான்: பாதையில் ஐஸ். பனி தள்ளும் நேரம் 10.45. தள்ளுபவன் ஹோல்கர்.

"பேரு கேக்கலையே," என்றாள் மாலின்.

"இருக்கட்டும்."

அடுத்த வாரம், சோதனைக்கு அனுமதி கேட்டு மாலின் போன நகரசபைக் கூட்டத்துக்கு அவனும் போனான். நடைபாதையில் முதலில் பனி தள்ளுவதென்றால் ஓட்டுநர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும், இந்தக் குளிரில் யார் ஒப்புவார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஹோல்கர் எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை; கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் கிளம்பறேன்," என்றான். "என் பொண்டாட்டி அந்த வழியாத்தான் வேலைக்குப் போறா."

பின் வரிசையில் இங்கெலா அழுதாள். வலது கையில் கட்டு, இடது கையில் அவன் தொப்பி. துடைத்துக்கொள்ள வழியில்லாமல் கண்ணீரை அப்படியே விட்டுவிட்டாள்.