நான் கொடுக்காத குரல்

அன்று மலையில் நான் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று சொன்னது பொய்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். எழுதினால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் அல்லவா... அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் நான் சுமை தூக்குகிறவன். வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் வரிசையாக நடக்கவேண்டும். தலையில் மூட்டை அழுத்தும்போது முன்னால் போகிறவனின் குதிகால் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே முன்னால் போகிறவன் "வழுக்கு" என்பான், "படி" என்பான். பின்னால் வருகிறவன் அதை நம்பிக் கால் வைப்பான். குரல் வரவில்லை என்றால் தரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதில் தவறியவன் எங்கள் வரிசையில் கிடையாது.

எனக்குப் பின்னால் எப்போதும் வருகிறவன் மாணிக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், மழை ஓய்ந்ததும், கிடங்கு லாரியில் எல்லோரும் ஏலத்தோட்ட மலைக்கு உல்லாசமாகப் போனோம். அங்கே ஒரு விளையாட்டு. ஒற்றையடிப் பாதையில் உச்சிப் பாறை வரை ஓடித் திரும்பவேண்டும். ஜெயித்தவனுக்கு, ஊர் திரும்பும்போது டிரைவர் பக்கத்து சீட்டு.

எங்கள் வரிசையை நடத்தும் மூப்பன் குட்டப்பன் சேட்டன் என்னைக் காட்டிச் சிரித்தார். "இவன் ஜயிச்சாலும் நாணப்பட்டு லாரிக்குப் பின்னாலதான் கேறுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது...

அந்த எரிச்சலில் ஓடினேன். உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது நான்தான் முதல்! என் வாழ்க்கையில் முதல் முறை! பின்னால் மாணிக்கத்தின் மூச்சு நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு வளைவில், சருகு மூடிய பாறை என் காலடியில் நழுவியது. கிளையைப் பிடித்துத் தப்பினேன். 'வழுக்கு' என்ற சொல் தொண்டை வரை வந்தது. வருடக்கணக்கான பழக்கம், தானாக வந்தது.

அதை விழுங்கினேன்.

எதற்காக? ஒரு லாரி சீட்டுக்காக! நம்புவீர்களா?

பின்னால் கல் உருளும் சத்தம். பிறகு அவன் அலறல். உடனே நின்றேனா? இல்லை... இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் திரும்பினேன்.

கணுக்கால் முறிந்து கிடந்தான். கண்களில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீ விளிச்சியாடா? எனக்குக் கேக்கவே இல்லியே."

"விளிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த சீட்டில் அவனைத்தான் சாய்த்துக் கொண்டுவந்தோம்.

கால் சேர்ந்துவிட்டது. அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வேலைக்குத் திரும்பிய அன்று, மாணிக்கம் என்னையும் இழுத்துக்கொண்டு மூப்பனிடம் போனான்.

"சேட்டா, என் காது போச்சு. இவன் விளிச்சது எனக்குக் கேக்கல. இனி என்னை வரிசையில நிறுத்தாதீங்க, என் பின்னால வர்றவன் விழுந்துருவான்."

மூப்பன் என்னைப் பார்த்தார். "நேருதானாடா?" உண்மைதானா என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். அவன் பிழைப்பு அந்தச் சொல்லில் தொங்கியது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்!

ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒன்றுமில்லை என்றார்களாம். அவன் ஏற்கவில்லை. டாக்டர் என்ன பலகையில் நடந்தவரா என்று என்னிடமே கேட்டான். அவனால் தன் காதைச் சந்தேகிக்க முடிந்தது. என்னைச் சந்தேகிக்க மட்டும் முடியவில்லை...

மூட்டை தூக்கிய அந்த ஆள் இப்போது கிடங்கில் சிந்திய மிளகைக் கூட்டுகிறான். கூலி பாதிகூட இல்லை. எல்லோரும் அவனிடம் கத்தித்தான் பேசுகிறார்கள். அவன் மனைவியும்தான். கேட்காதவனாகவே வாழ்ந்து பழகிவிட்டான்.

போன வாரம் சாயாக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தான். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "மாணிக்கம், அன்னைக்கு மலையில..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

கையைக் காதோரம் குவித்து முன்னால் சாய்ந்தான். "உரக்கச் சொல்லுடா."

கடை நிறைய ஆட்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாயா ஆறுது, குடி" என்று உரக்கச் சொன்னேன்.