கைத்தான் தன் வலையை அறுத்த நாள்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவாவின் தென்கோடியில், கடலிலிருந்து நான்கு நிமிட நடையில் எனக்கு இரண்டு வாடகை அறைகள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அறை கேட்ட புனேக்காரர் ஒருவர், கிளம்புவதற்கு முன்பே மூன்று முறை ஃபோன் செய்தார். மூன்று முறையும் ஒரே கேள்வி. கார் வாடகைக்கு எடுக்கலாமா, வேண்டாமா? வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் இரண்டு நாளாக அதே சண்டையாம்.

வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். கடலுக்கு நடக்கலாம், மீன் சந்தைக்கு நடக்கலாம், பாவ் ரொட்டி வாசலுக்கே சைக்கிளில் வந்துவிடும். ஆனால் என் அண்ணன் மகன் மெனினு எட்டு வருடம் கப்பலில் தட்டு கழுவி, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரே ஒரு கார் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தான். அதுவோ ஆள் வராமல் மாமரத்தடியில் இலை மூடிக் கிடந்தது. "எடுத்தா வசதிதான் சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்காக என்னை நானே இன்றுவரை திட்டிக்கொள்கிறேன்.

இனி கைத்தான். அறுபதை நெருங்குகிறவர், எங்கள் ஊர்க் கரைவலைக்குத் தலைவர். தலைவர் என்றால் அதட்டுகிறவர் இல்லை. மற்ற பங்காளிகளைக் கேட்காமல் ஒரு கயிற்றைக்கூட நகர்த்த மாட்டார். கைத்தான் தும்ம வேண்டுமென்றாலும் பன்னிரண்டு வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் தும்முவார் என்று ஊரே கேலி செய்யும். அவரும் கூடவே சிரிப்பார். எங்கள் வலை பன்னிரண்டு குடும்பத்துச் சொத்து. வீட்டுக்கு ஒரு துண்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால்தான் வலை. இன்னொருவர் துண்டில் கத்தி வைப்பது எங்கள் ஊரில் இன்னொருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிற மாதிரி.

புனேக்காரர் வந்த மூன்றாம் நாள் மதியம், வலை மணல்மேட்டில் காய்ந்துகொண்டிருந்தது. கடல் நன்றாக வற்றியிருந்தது. அந்த நேரத்தில் ஈர மணல் சிமெண்டுத் தரை போலத் தெரியும், நம்பினால் கெட்டோம். தன் மகள்கள் இருவரையும் காரோடு நிறுத்தி, பின்னால் அலை தெரியப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு படகுகளுக்கு நடுவே புகுந்து, மெனினுவின் காரை வலையின் மேலேயே ஏற்றி, அதையும் இழுத்துக்கொண்டு ஈர மணலுக்கு இறங்கிவிட்டார். கார் திணறியதும் நிறுத்தினாரா? இல்லை, இன்னும் அழுத்தி மிதித்தார். வலை அச்சில் சுற்றிக்கொண்டு இறுகியது, சக்கரம் பாதி புதைந்தது.

நான் ஓடிப்போனபோது தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. பதினைந்து பேர் கயிறு கட்டி இழுத்தும் சக்கரம் அசையவில்லை. மெனினு முழங்கால் தண்ணீரில் நின்று காரைப் பிடித்துக்கொண்டிருந்தான், கார் நீந்திப் போய்விடும் என்பது போல. உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் அவனுடைய எட்டு வருடமும் போச்சு.

புனேக்காரர் கரையில் நின்று, "அந்த வலையை வெட்டிட்டா முடிஞ்சுதே. வெறும் நைலான்தானே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கார் முழுகப் போகிறது, பதற்றமே இல்லையா என்று கேட்டேன்.

"வாடகைக் கார்தானே மேடம். டெபாசிட் கொடுத்திருக்கேனே" என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். காரும் எங்கள் பிள்ளையுடையது, வலையும் எங்களுடையது, இரண்டில் ஒன்று போயே ஆகவேண்டும். ஊர் சுற்ற வந்தவருக்கு மட்டும் ஒரு நூல்கூட நஷ்டமில்லை.

பங்காளிகளில் இரண்டு பேர் கார் போனால் போகட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மீன் நன்றாகப் படுகிற பருவத்தில் எவன் வலையை விட்டுக்கொடுப்பான்?

கைத்தான் சக்கரத்தருகே போனார். தண்ணீரில் மண்டியிட்டு, சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு வெகுநேரம் தடவினார். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அந்தந்த வீட்டு முடிச்சு இருக்கும், விரலுக்கே தெரியும். எழுந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"என் துண்டுதான்" என்றார். "யாரையும் கேக்க வேண்டாம்."

கத்தியை எடுத்தவரின் கையை மெனினு பிடித்துக்கொண்டான். "வேண்டாம் மாமா. கார்தானே, போகட்டும்."

"விடுடா. மறுபடியும் கப்பலுக்குப் போயி எவன் தட்டையோ கழுவப் போறியா? நான் இங்கயே உக்காந்து பின்னிக்குவேன்."

அறுத்தார். ஆறு மாதம் அவரும் மனைவியும் உட்கார்ந்து பின்னியது, கந்தலாகத் தண்ணீரில் மிதந்தது. காரை மேட்டுக்கு இழுத்துவிட்டபோது புனேக்காரர் கைதட்டினார். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் டீ நேரத்துக்கு அவர் என் சமையலறை வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலிகூட இழுத்துப் போட்டேன்.

"ஒலிந்தா மேடம், அந்தக் கார்ல மீன் நாத்தம் தாங்கல. பொண்ணுங்க ஏற மாட்டேங்குறாங்க. நாளைக்கு வேற கார் எடுக்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். "கடலுக்கு நாலு நிமிஷம், நடந்தே போங்க. கரையில ஒருத்தர் உக்காந்து வலை பின்னிக்கிட்டிருப்பாரு. அவர் நிழல் மேலகூடக் கால் படாம சுத்திப் போங்க."