ஒட்டடை போட்ட கேட்

நீடாமங்கலத்தில் ஒரு கிரில் பட்டறையில் டிசைனராகச் சேர்ந்த புதிதில், நான் வரைந்த முதல் கேட்டைப் பார்த்து ஒரு அம்மா, "இதை வாசல்ல மாட்டினா நான் கொல்லைப்பக்கமாத்தான் வீட்டுக்குள்ள வருவேன்" என்று சொல்லிவிட்டார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று அதை எழுதுகிறேன்.

அவர் கணவர் நன்னிலத்தில் கணக்கு வாத்தியார். புது வீட்டுக்கு கேட் ஆர்டர் கொடுக்க வந்தவர், மற்றவர்களைப் போல மயில், அன்னம் என்று கேட்கவில்லை. "கிராஃப் போடற சாஃப்ட்வேர் தெரியுமாம்மா?" என்று கேட்டு, என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மூலையிலிருந்து கிளம்பும் இரண்டு கோடுகளை அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். படுக்கைக் கோட்டில் வரிசையாகப் புள்ளிகள். நிற்கும் கோட்டிலும் அதே போல. இதன் முதல் புள்ளியை அதன் கடைசிப் புள்ளியோடு சேர்க்க வேண்டும். அடுத்ததை, கடைசிக்கு முந்தியதோடு. இப்படியே போட்டு முடித்தால் மூலையில் ஒரு வலை வளைந்து தொங்கும்.

"எல்லாம் நேர்கோடு! ஆனா கண்ணுக்கு வளைவாத் தெரியுது பாத்தீங்களா?" என்று வாத்தியார் துள்ளினார். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கேட்டுக்கு நான்கு சதுர பேனல். பேனலுக்கு ஒன்றாக, கேட்டின் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு வலை. மெஷினில் தகட்டை வெட்டி, சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தினோம்.

பெயின்ட் அடிக்கும் முன் காட்டலாம் என்று வாத்தியார் மனைவியை அழைத்து வந்தார்.

"என்னங்க இது?"

"ஜியோமெட்ரி."

"ஒட்டடைங்க இது! வெள்ளிக்கெழமை தவறாம நான் கம்பு வச்சு அடிக்கிறது இதைத்தான். நீங்க இரும்புலயே செஞ்சு மாட்டறீங்களா?"

"எல்லாம் நேர்கோடு, வசந்தி."

"நேரா இருந்தாலும் ஒட்டடைதான்."

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த கேட் அவங்க வீட்டுக்குப் போகலேன்னா, நீ உன் வீட்டுக்குப் போயிடும்மா."

பயத்தில் எனக்கு வாய் குழறியது. "அம்மா, இதை மீன் வலைன்னு நெனச்சுக்கலாமே" என்றேன்.

"நாங்க சைவம்" என்றார்.

பிறகு முதலாளியைப் பார்த்து, "பேச்சே வேணாம், எல்லாத்தையும் திருப்பிடுங்க" என்றார். ஆர்டருக்குக் கொடுத்த பணத்தைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வெல்டர் செல்வத்துக்கு, கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பேனலாகக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டத் தொடங்கிவிட்டார். சண்டை மும்முரத்தில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சண்டையில் மூச்சு வாங்க நின்ற வசந்தி அம்மாதான் முதலில் பார்த்தார். மூலைகளில் இருந்த நான்கு வலைகளும் நடுவில் வந்து சேர்ந்து, கூர்கூராக நான்கு முனையோடு ஒரு நட்சத்திரம் நின்றது.

"அட, இது ஜம்முனு இருக்கே! இதை முதல்லயே காட்டறதுக்கு என்ன?"

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. "வசந்தி, இதுவும் அதே வ..."

"வைரம்மா! வைர டிசைன்!" என்று முதலாளி பாய்ந்து முடித்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். வாத்தியார் கேட்டருகே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வளைவுகூட இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். "அவரு அப்படித்தான். நீங்க உள்ள வந்து சாப்பிடுங்க" என்று வசந்தி அம்மா அவர்களை மீட்டுக்கொண்டு போனார்.

நான் கற்றது இதுதான். திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், தகட்டை வெட்டும் முன் அந்த வீட்டைப் பெருக்குகிறவரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், தலைகீழாகத் திருப்பி இன்னொரு தரம் காட்டுங்கள்.