பூசைக்கு வைத்த ரயில்

ஆறுமுகசாமிக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பது வருடத்தை நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகவே கழித்துவிட்டார். மைசூரிலிருந்து காலை ரயில், திரும்ப சாயங்கால ரயில். இரண்டிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான். முழங்கால் போய்விட்டது, காதும் பாதி போய்விட்டது. இப்படி நாள் தவறாமல் ரயிலில் இடிபடுகிற மனுஷன் வீட்டுக்கு வந்தும் ரயிலைத்தான் கொஞ்சுவார் என்றால் யார் நம்புவார்கள்? கொஞ்சினார், என்ன செய்ய.

தகர எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடுகிற அந்தக் காலத்துப் பொம்மை ரயில். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய இரும்புக் கடையின் சாக்குக்குள் எஞ்சின் கிடைத்தது. மிச்சத்தைச் சேர்க்கப் பன்னிரண்டு வருடம் அலைந்தார். சிவப்புப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தாலும், செய்தபோது அடித்த அதே பெயிண்ட். பக்கவாட்டில் பொன்னிற எழுத்துகள். பழைய பொம்மை சேர்க்கிற இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தப் பெயிண்டுதான் உயிர். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவார்களே தவிர, ஈரத்துணிகூடப் படவிட மாட்டார்கள். ஸ்பிரிங் போய்விடுமோ, பெயிண்ட் உதிர்ந்துவிடுமோ என்று பயந்து அவர் அதை வீட்டில் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், பூட்டுவார்.

இந்த வருடம்தான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த சந்திரன் என்பவர் எஞ்சினின் போட்டோவைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயிண்டை நேரில் பார்க்க வேண்டும், தசரா முடிந்த ஞாயிறு நாலு பேராக வருகிறோம் என்றார். ஆறுமுகசாமியிடம் இருக்கிற எதையாவது பார்க்க ஊர் விட்டு ஊர் யாரும் வந்ததே கிடையாது. ஒரு வாரம் முழங்கால் வலிகூட அவருக்கு நினைவில் இல்லை.

ஆயுத பூசை வந்தது. வருடா வருடம் அவர் மனைவி சொர்ணலதா, பூசைக்கு உங்கள் ஆயுதம் எங்கே என்று கேட்பாள்; அவர் ஒரு ஸ்பேனரை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்தத் தடவை பெருமை தாங்கவில்லை. தொழிற்சாலைப் பூசைக்குக் கிளம்பும்போது டிரங்குப் பெட்டிச் சாவியைக் கொடுத்து, "ரயிலப் பூசைக்கு எடுத்து வையி, புள்ள" என்றார்.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அன்றைக்கு பஸ்ஸிலிருந்து அரிவாள்மணை வரைக்கும் கழுவாமல் எது சாமி முன்னால் போகும்? முப்பது வருடமாக மெஷின்களைத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தன் ரயிலை மட்டும் அதில் சேர்க்கத் தோன்றவில்லை.

மத்தியானம் உடைந்த பூசணிக்காய்களைத் தாண்டித் தாண்டி வீடு வந்து சேர்ந்தார். பலகையில் ரயில் பளபளவென்று இருந்தது. வெறும் தகரம். சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ எல்லாம் இருந்தன. எழுத்து ஒன்றுகூட இல்லை. குழாயடி வாளியில் தண்ணீர் சிவப்பாக நின்றது.

"வர்றவங்க அழுக்கோடயா பாக்கோணும்? புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்ச்சனுங்க" என்றாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. ஏன் தொடக்கூடாது என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளாவது அவளிடம் சொன்னாரா? அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது."

வெளியே போய்ச் சந்திரனுக்குப் போன் செய்து, பெயிண்ட் போய்விட்டது என்றார். அடடா என்றார் சந்திரன். அப்புறம், சரி, வேறு ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

உள்ளே சொர்ணலதா கட்டிலை நகர்த்தித் தண்டவாளத்தை வட்டமாகச் சேர்த்திருந்தாள். எஞ்சினுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். பூசை போட்ட வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றாமல் விடக்கூடாதாம், கையால் ஒரு தள்ளு தள்ளச் சொன்னாள். இனிமேல் காப்பாற்ற அதில் என்ன இருக்கிறது? அவர் எஞ்சின் சாவியைச் செருகித் திருகினார்.

எஞ்சின் கிரீச்சிட்டது, ஒரு குலுக்கல், கிளம்பிவிட்டது. பழத்தின் மேல் ஏற முடியாமல் அதை முட்டி உருட்டிக்கொண்டே பாதி வட்டம் போய் அவள் காலடியில் நின்றது.

சொர்ணலதா வாயைப் பொத்திக்கொண்டாள். "இது தானா ஓடுமுங்களா? இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கிழம அவுங்களுக்கும் இப்படி ஓட்டிக் காட்டுங்க."

"அவுங்க வரல புள்ள. வேலையாமா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பழத்தை எடுத்துவிட்டு, தண்டவாளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா உடுங்க. நான் பாக்கறேன்."

முழங்காலைப் பிடித்தபடியே அவர் மறுபடி சாவியைத் திருகினார்.