ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தவர்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஓட்டுப் போடும் நாளில் மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நாட்களில் அவர் ஃபேன்காரர். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தே பிழைத்த மனிதர். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார். எந்த அறையின் ஃபேன் கொக்கி ஆடுகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

நோய் அவரை ஏணியின் மூன்றாவது படியில் வைத்துப் பிடித்தது. பல் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறை. ஃபேனைத் தலைக்கு மேல் தூக்கினார்; கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. வலியில்லை. வலித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். கீழே தாடை வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் பல்வலியை மறந்து, சத்தமில்லாமல் நாற்காலி மாறி உட்கார்ந்தார்.

அடுத்த மாதத்துக்குள் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தலை சீவக் கை ஏறவில்லை. ரத்தம் எடுத்தார்கள், தொடையிலிருந்து துளி சதையும் எடுத்தார்கள். குள்ளமான, அவசரமே படாத டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார்:

"தசை அழற்சி."

"அயர்ச்சியா மேடம்? அப்ப ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

"அயர்ச்சி இல்லைங்க, அழற்சி. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தி உங்க தசையையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. ரெஸ்டே எடுத்தா தசை இன்னும் இளைக்கும். அதுக்குன்னு வீராப்பாவும் எதுவும் பண்ணக் கூடாது."

உழைக்கவும் வேண்டும், உழைக்கவும் கூடாது. ஃபேன்காரருக்குத் தலை சுற்றியது. "ஏணி ஏறலாமா?" என்று கேட்டார். அவர் கேட்க வந்தது அது ஒன்றைத்தான்.

"இப்ப வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்."

அந்த 'அப்புறம்' அவருடன் வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

வீடு ஆஸ்பத்திரியாக மாறியது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் மனைவி உப்பு டப்பாவை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினாள். அவர் கை அங்கே எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேளைக்கு வேளை தட்டில் வந்தன. காலையில் சின்ன வெள்ளை மாத்திரை, மதியம் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து, வாரம் ஒரு நாள் வைட்டமின். பயிற்சி சொல்லித் தந்த பெண், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொல்லியிருந்தாள். ஆறாவது கூடாது. ஐந்தாவதே வராத மனிதருக்கு ஆறாவதைத் தடை செய்திருந்தது அவருக்குச் சின்ன கௌரவமாகப் பட்டது.

இத்தனைக்கும் நடுவே மச்சினன் ஒரு டப்பாவோடு வந்தான். ஜிம்முக்கு ஒரு மாதம் போய்விட்டு, ஒரு வருடம் அதைப் பற்றியே பேசியவன்.

"மாமா, இந்தப் பச்சைப் பொடி சுத்தமான இயற்கை. எதிர்ப்பு சக்தி சும்மா எகிறும்."

"உன் தொப்பையையே அதால எதிர்க்க முடியல," என்றாள் அவன் அக்கா. ஆனாலும் பொடியைக் கரைத்துக் கொடுத்தாள். பயந்த வீட்டில் எந்த டப்பாவுக்கும் இடம் உண்டு.

ஆறு வாரத்தில் கை தோள் வரை ஏறியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அங்கேதான் பயம் கூடியது. முன்பு தெம்பு போனது எப்படி என்று தெரியாது. இப்போது வந்ததும் எப்படி என்று தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஓடும் ஃபேன் காரணம் தெரியாமலே நிற்கும் என்பது அவர் தொழில் அனுபவம். வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்வார்: "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா ஓடும்தான். எது போச்சுன்னு தெரியாது. ஒவ்வொண்ணா கழட்டிப் பார்க்கணும்."

கழற்றிப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் பச்சைப் பொடி வாஷ்பேசினுக்குப் போனது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் சுண்ணாம்புச் சத்தை நிறுத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் வெள்ளை மாத்திரை. முகத்தை ஊத வைத்த அந்தச் சனியன்மேல் அவருக்கு ஏற்கெனவே கோபம்.

மூன்றாம் நாள் சட்டை மாட்ட முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை குடித்த தண்ணீர் தொண்டையில் இறங்க மறுத்து மூக்கு வழியாக வந்தது. இருமக்கூடத் தெம்பில்லை. டம்ளரைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு அதிகமா இருக்கு," என்றாள். குரல் உயரவே இல்லை. அவர் கலங்கியது அதற்குத்தான்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசியில் மருந்தை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கெட்டியான கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய பிறகுதான் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு நிறுத்தினீங்க?"

ஃபேன்காரர் விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "நீங்க ஃபேனைக் கழட்டும்போது மெயினை ஆஃப் பண்ணுவீங்கல்ல? உடம்புக்கு அந்த வசதி இல்லைய்யா. இந்த மாத்திரையை நான்தான் படிப்படியா குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. சுண்ணாம்புச் சத்தை நிறுத்தி ஒண்ணும் ஆகலையா? இந்த மாத்திரையால எலும்பு கரையறது ஒரு வாரத்துல தெரியாது. அந்தப் பச்சைப் பொடி, அதை மட்டும் நீங்க சரியாத்தான் கழட்டினீங்க. ஏற்கெனவே எகிறிக்கிட்டு இருக்கற சக்தியை இன்னும் ஏத்தி விடுவாங்களா?"

வாசலில் நின்ற மச்சினன் அவசரமாக போனை எடுத்துக் காதில் வைத்தான். போன் அடிக்கவே இல்லை.

"அப்ப எது என்னைத் தாங்குதுன்னு தெரியவே தெரியாதா மேடம்?"

"மருந்துதான் நெருப்பை அணைக்குது. சாப்பாடும் பயிற்சியும் மிச்சத்தைக் காப்பாத்துது. எது எவ்வளவுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது."

படித்தவர்களுக்கும் தெரியாது என்பது சிலருக்கு ஆறுதல். அவருக்கு அது புதுப் பயம்.

நான்கு மாதம் கழித்து, மாடிப்படியில் மூன்று படி மட்டும் ஏறலாம் என்று அனுமதி வந்தது. ஒரு சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மனைவி பின்னால் நின்றாள். அவர் விழுந்தால் அவளால் தாங்க முடியாது. இருவருக்குமே அது தெரியும். ஒரு படி. இரண்டு. மூன்றாவதற்குத் தொடை நடுங்கியது. நோயா பயமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"பயமா இருக்கு," என்றார். முப்பது வருடம் ஏணிமேல் நின்றவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"எனக்கு எட்டு மாசமா இருக்கு," என்றாள். "ரெண்டு போதும். இறங்குங்க, முட்டை ஆறிடும்."

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது.