கோப்பைக்கு வளர்த்த தாடி

எங்கள் சனம் ஓர் ஆம்பிளையின் முகத்தில் தாடியைக் கண்டால் மூன்று காரணம்தான் தேடும். செத்த வீடு, நேர்த்தி, இல்லையென்றால் மனைவி முழுகாமல் இருக்கிறாள். மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் சேவ் எடுக்காமல் இருப்பது சைவக்காரரின் வழக்கம். வேதக்காரரான எங்களிடமும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மொன்ட்ரியாலில் நாலாவது காரணம் ஒன்று இருந்தது. அதை மாதா கோயிலுக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

மொன்ட்ரியாலை ஒட்டிய லவாலில் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு அப்போது ஆறு வருட வேலை. சாப்பாட்டு நேரத்தில் கியூபெக்காரர் பொன்ஷூர் என்று வணக்கம் சொல்லிவிட்டுத் தங்கள் மேசைக்குப் போய்விடுவார்கள். நான் ஜன்னலோரம் தனியே சாப்பிடுவேன். ஒரு வசந்தத்தில் பல்வலியால் மூன்று நாள் சேவ் எடுக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிழவர் என் தாடையைக் காட்டி, "நீயுமா!" என்று பிரெஞ்சில் கத்தித் தோளில் ஓங்கித் தட்டினார். பார்த்தால், அங்கே ஒருவரும் சேவ் எடுத்திருக்கவில்லை. எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணி கோப்பைக்கான ஆட்டங்களுக்குள் போயிருந்தது. தோற்கும்வரை, அல்லது கோப்பையைத் தூக்கும்வரை, ஆட்டக்காரரும் சேவ் எடுப்பதில்லை, அவர்களை நம்புகிறவர்களும் எடுப்பதில்லை. பல்வலி என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? போய் அவர்களுடைய மேசையில் உட்கார்ந்தேன்.

கிழவர் தினமும் அணியின் பழங்கதை சொல்வார். பெரிய ஆட்டக்காரர் விலகியதும் அவர் போட்ட சட்டையை, அதன் எண்ணோடு, அரங்கின் கூரையில் தொங்கவிடுவார்களாம். பிறகு அந்த எண்ணை எவருக்கும் கொடுக்கமாட்டார்களாம். வீட்டில் மனைவிக்குச் சொன்னேன்.

"ஒராளின்ர இடத்தை வேற ஆக்களுக்குக் குடுக்காமல் வைச்சிருக்கினம். நல்ல சனம்," என்றாள். அடுத்த ஆட்டத்தை அவளும் இருந்து பார்த்தாள்.

உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் என் முகத்தைப் பார்த்தவர்கள் தவக்கால நேர்த்தி என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் தாடி இருந்தது. பெண்கள் என் மனைவிக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். ஓர் அன்ரி மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். இனிப் பிள்ளை இல்லை என்று முந்தின இலையுதிர் காலத்தில்தான் வைத்தியர் சொல்லியிருந்தார். நாங்கள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு ரேசரை எடுத்தேன். மனைவி அதைப் பறித்தாள்.

"இஞ்சேரப்பா, ஆறு வருசம் தனியச் சாப்பிட்டிட்டு இப்பதான் ஒரு மேசை கிடைச்சிருக்கு. என்னைச் சாட்டி எழும்பாதேங்கோ."

"அவை என்ன நினைக்கினம் எண்டு தெரியுமோ?"

"நினைக்கட்டும். நாங்கள் வெல்லுவம்."

வெல்லவில்லை. இரண்டாம் சுற்றோடு அணி வெளியே வந்துவிட்டது. மறுநாள் மேசையைச் சுற்றி எல்லாம் வழித்த முகங்கள். என் கதிரை எனக்காகக் காலியாகவே இருந்தது.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் ஊறுகாய் அன்ரி என் வெறும் முகத்தைக் கண்டார். பிள்ளை கலைந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார் பாவம். கண் கலங்க என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"போனது போகட்டும் பிள்ளை. கடவுள் அடுத்த வருசம் தருவார்."

மனைவி கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஓம் அன்ரி," என்றாள் நிமிர்ந்து நின்று. "அடுத்த வருசம் கோப்பை எங்களுக்குத்தான்."